என் தங்கை ஒப்புக்கொண்ட பதினோரு நாள்

என் தங்கையைப் போலீஸ் பிடித்துப் போனது 1969 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு. அந்த நேரத்தில் நான் சார்ல்ஸ்டன் நகரத்துச் சலவைக் கடையின் பின்கட்டில் ஒரு கல்யாணக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து ஆஸ்பத்திரி ஆறு தெரு தள்ளி. ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நான் கால்சட்டை மடிப்பு நேராக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு அது திக்கென்றுதான் இருக்கிறது.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழு வயது இளையவள். ஜான்ஸ் தீவில் பிறந்தோம். அம்மா போனபோது அவளுக்கு ஐந்து வயது. நான் ஏழாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனேன், அவள் பன்னிரண்டு முடித்தாள். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் முடித்ததில்லை. பிறகு நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளாகச் சேர்ந்தாள். மூன்றாவது மாடி. ஒன்பது வருஷம். மணிக்கு ஒரு டாலர் முப்பது சென்ட். படித்து முடித்துப் புதிதாக வரும் வெள்ளைக்கார நர்ஸ் பெண்களுக்கு, கனத்த நோயாளியை இடுப்புப் பிடிக்காமல் எப்படிப் புரட்டுவது என்று கற்றுக்கொடுப்பாள். கற்றுக்கொண்ட மறுநாளே அந்தப் பெண் இவளுக்கு மேலதிகாரி. முப்பது வயதுக்காரியை இருபது வயதுக்காரி "ஏ பொண்ணு" என்று கூப்பிடுவாள். மதியச் சாப்பாட்டைக் கொதிகலன் அறையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டுக்கூடம் எங்கள் நிறத்தவருக்கு இல்லை. இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

எங்கள் தீவில் எல்லோருக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கும் கோர்ட்டுக்கும் சர்க்கார் காகிதத்துக்கும். இன்னொன்று கூடைப் பெயர், குழந்தை கூடையில் கிடக்கும்போதே வைப்பது. சாகும்வரை வாயில் புழங்குவது இதுதான். என் தங்கையின் கூடைப் பெயர் பைனா. காகிதத்தில் யூலேலி கான்ஸ்டன்ஸ் பிரேலோ. நான் ஜூலை. காகிதத்தில் ஏமஸ். நகரத்துக் கடையில் என்னை ஏமஸ் என்றுதான் தெரியும், தீவில் ஏமஸ் என்று கேட்டால் யார் என்பார்கள்.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் பேச்சுவார்த்தை கேட்ட பன்னிரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் நானூறு பேருக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் பெண்கள். என் தங்கை அதில் ஒருத்தி என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. ஞாயிறுதோறும் ஐந்து யூனிஃபார்ம் கொண்டுவந்து என்னிடம் இஸ்திரிக்குக் கொடுப்பாள். அன்றைக்கு வெறுங்கையோடு வந்தாள்.

"யூனிஃபார்ம் எங்கம்மா?"

"இந்த வாரம் வேணாம் அண்ணே."

"லீவா?"

"வெளிய நிக்கறோம்."

"வெளியன்னா?"

"வெளியதான். கேட்டுக்கு வெளிய. அட்டையைப் புடிச்சுக்கிட்டு."

நான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தேன். நாய் குறுக்கே வந்தால் தெருவை மாற்றிப் போகிறவள் இவள். கடையில் கெட்ட முட்டை கொடுத்தால் திருப்பிக் கொடுக்க என்னை அனுப்புகிறவள்.

"நீயா? நீ அட்டை புடிச்சியா? அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"நானும் மனுஷின்னு."

"போன வருஷம் மெம்ஃபிஸ்ல குப்பை அள்றவங்களுக்காகப் போன போதகரைச் சுட்டுக் கொன்னாங்க. ஞாபகம் இருக்கா இல்லயா?"

"இருக்கு அண்ணே. ஒரு வருஷமா இருக்கு" என்றாள். பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அவள் கைதான வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல அவளைக் கூட்டிப்போக வண்டியோடு சர்ச்சுக்குப் போனேன். ஊர்வலம் கிளம்பிய இடம் அதுதான். உள்ளே யாரும் இல்லை. பெஞ்சுகளில் கைப்பைகள் மட்டும் வரிசையாக இருந்தன. எழுபதுக்கும் மேல். எல்லாப் பெண்களும் போவதற்கு முன்னால் பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து நான்காவது பெஞ்சில் பைனாவின் பையைக் கண்டுபிடித்தேன். உள்ளே அவளுடைய ஆஸ்பத்திரி அட்டை, கண்ணாடி, பாதி சாப்பிட்ட ரொட்டி. கண்ணாடி இல்லாமல் அவளால் தெருப்பலகை படிக்க முடியாது. வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த கிழவர், "ரெண்டு பஸ்ஸுல ஏத்துனாங்க தம்பி. பாட்டுப் பாடிக்கிட்டே ஏறுனாங்க" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை கோட்டும் டையும் கட்டிக்கொண்டு மாவட்டச் சிறைக்குப் போனேன். வரிசையில் நின்றவர்கள் பலரும் வீட்டில் போட்டிருந்த உடுப்போடேயே வந்து, "எங்க சிஸ்ஸியைப் பாக்கணும்", "எங்க டிட்டி இங்கதானே இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சர்க்கார் அலுவலகத்தில் போய் இப்படியா கேட்பார்கள் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. என் முறை வந்தபோது தங்கையின் முழுப் பெயரையும் நிறுத்திச் சொன்னேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மிட்டாய் சப்பிக்கொண்டே ஒரு படிவத்தைத் தள்ளினார். "எழுதத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப எழுது."

பெயர், வயது, உயரம், எங்கே வேலை, எந்தப் பிரிவு, மேலதிகாரி யார், எதற்காகக் கைது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். கறுப்பு மசியில், ஒரு அடித்தல் இல்லாமல். கடைசிக் கட்டத்தில் 'வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி ஊர்வலத்தில் கைதானதாகக் கேள்வி' என்று எழுதினேன். அதிகாரி அதை வாங்கிப் பார்த்து, "நல்ல கையெழுத்து" என்றார். எனக்கு அது அப்போது பெருமையாகவே இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. உள்ளே போய் நடைக்கூடத்தில் அவளுடைய மூன்று பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டது எனக்கே கேட்டது. திரும்பி வந்து படிவத்தின் அடியில் 'இல்லை' என்று எழுதி முத்திரை போட்டார்.

"இங்க அப்படி யாரும் இல்ல."

"சார், பஸ்ஸுல ஏத்துனதா..."

"இல்லன்னா இல்ல. அடுத்தது."

அதற்குப் பிறகு நான் தேடிய இடங்களை ஒரு பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாளும் நேரமும் போட்டு எழுதி வைத்தேன். நகரச் சிறை. மூன்று காவல் நிலையம். பெண்களை வைத்திருப்பதாகச் சொன்ன ஒரு பழைய கிடங்கு. சர்ச்சில் ஜாமீன் பட்டியல் வைத்திருந்தவர்கள் வெளியூரிலிருந்து வந்த சங்கத்துக்காரர்கள், பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். யூலேலி கான்ஸ்டன்ஸ் பிரேலோ அதில் இல்லை. ஐந்தாம் நாள் பிணவறைக்குப் போனேன். அங்கே வேலை பார்த்தவர் நம் ஆள், என் தோளில் கை வைத்து, "அண்ணே, ஒரு பொம்பளை இருக்கு. பேரு தெரியல. பாக்கறீங்களா?" என்றார். பார்த்தேன். அவள் இல்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று மட்டும் ரசீதுப் புத்தகத்தில் இல்லை.

அதற்குள் நகரம் முழுக்கச் சிப்பாய்கள். துப்பாக்கி நுனியில் கத்தி செருகிக்கொண்டு எங்கள் கடை வாசலில் நடப்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் துப்பாக்கியைக் கவுண்டரில் சாய்த்து வைத்துவிட்டு மூன்று சட்டையை எடுத்து நீட்டி, "கஞ்சி கொஞ்சமா போடுங்க, கழுத்து அரிக்குது" என்றான். நானும் சரி என்று சீட்டுக் குத்தி வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு என் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அவன் சட்டைக்குக் கஞ்சி அளந்து போட்டேன்.

மே 5, திங்கட்கிழமை மதியம். கடையின் பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கட்டையான உடம்பு, தலையில் கைக்குட்டை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜூலைங்கறது நீதானா?"

நகரத்தில் அந்தப் பெயரில் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. "நான்தான்" என்றேன்.

"அட நாசமாப் போற கடையே! நாலு நாளைக்கு முன்னாடியே வந்தேன்யா. முன்வாசல்ல ஒரு வெள்ளைக்காரரு நின்னாரு. ஜூலையைப் பாக்கணும்னேன். 'இப்பதான் மே பொறந்திருக்கு, ரெண்டு மாசம் கழிச்சு வா'ன்னு சொல்லிச் சிரிச்சு அனுப்பிட்டாரு. வீட்டுக்குப் போயும் எனக்குத் தூக்கம் வரல. இன்னிக்குப் பின்னாடி வந்து முகத்தைப் பாத்துரலாம்னு வந்தேன். அதே மூக்கு."

"யாரோட மூக்கு?"

"உன் தங்கச்சியோட மூக்குதான், வேற யாரோடது? பைனா. பத்து நாளா உள்ள கெடக்கா. அண்ணன் ஏன் வரல, அண்ணன் ஏன் வரலன்னு நாங்கதான் கேட்டுக்கிட்டு இருந்தோம். அவ கேக்கல."

இந்தப் பெண்ணின் பெயர் மின்னா. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகிறவள். ஆறு நாள் பைனாவோடு ஒரே அறையில் இருந்து ஜாமீனில் வந்தவள்.

"அவ அங்க இல்லம்மா. நானே போய்க் கேட்டேன். முத்திரை போட்டுக் குடுத்தாங்க."

"என்னன்னு கேட்டே?"

"யூலேலி கான்ஸ்டன்ஸ் பிரேலோன்னு."

மின்னா "அது யாரு?" என்றாள்.

பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஊர்வலத்துக்கு முன்னால் சர்ச்சில் பேசி வைத்திருக்கிறார்கள். போலீஸ் பிடித்தால் யாரும் காகிதப் பெயரைச் சொல்லக் கூடாது. சிறைப் பட்டியலையும் ஆஸ்பத்திரிப் பட்டியலையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். ஆளை அடையாளம் காட்டுகிற அட்டையெல்லாம் பையில், பையெல்லாம் சர்ச்சில். கூடைப் பெயரோடு ஸ்மித், ஜோன்ஸ் என்று ஏதாவது ஒட்டிக்கொள்ள வேண்டியது. வீட்டு ஆட்கள் எப்படியும் கூடைப் பெயரைச் சொல்லித்தானே தேடி வருவார்கள் என்று யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அப்படித்தான் எல்லோரும் வந்தார்கள். என்னைத் தவிர.

"கோட்டு போட்டுக்கிட்டுப் போனியா?" என்று மின்னா கேட்டாள்.

"ஆமா."

"நெனச்சேன்" என்றாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சர்ச்சுக்காரர்கள் ஜாமீன் கட்டினார்கள். சிறை மேஜையில் போய், "பைனா ஸ்மித்" என்றேன். பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து விட்டார்கள். பதினோரு நாளில் அவள் கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். கண்ணாடியைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, "அண்ணே, ஷேவ் பண்ணிக்கலயா?" என்றாள்.

ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். தப்பான பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டேன், நான் வந்தது உனக்குத் தெரியாமலே போய்விட்டது என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ வந்தது. ரெண்டாம் நாளே தெரியும். நடைக்கூடத்துல என்னோட மூணு பேரையும் சேத்துக் கூப்பிட்டாங்க. அப்படி மூணையும் விடாம சொல்றது உலகத்துல நீ ஒருத்தன்தான்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"கேட்டுச்சா? கேட்டுமா பேசாம இருந்தே?"

"வேற என்ன செய்யச் சொல்றே? நான்தான்னு எந்திரிச்சா, அப்ப பைனா ஸ்மித் யாருன்னு கேப்பான். என் பேரு பொய்யின்னா பக்கத்துல இருக்கறவ பேரு? அந்த அறையில நாப்பத்தியோரு பேரு அண்ணே."

"நான் பிணவறை வரைக்கும் போனேன்டி."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றாள். காலையில் செய்த தக்காளிச் சோறு டப்பாவில் இருந்தது. கரண்டி எடுத்து வர மறந்திருந்தேன். கையாலேயே தின்றாள்.

ஜூன் கடைசியில் வேலைநிறுத்தம் முடிந்தது. எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்வது என்று ஒப்பந்தம், சம்பளமும் கொஞ்சம் ஏறியது. ஊர்வலத்தில் கைதானவர்கள் விஷயத்தை மட்டும் ஆஸ்பத்திரி விசாரித்து முடிவு செய்யும் என்று ஒரு வரி. சிறையில் இருந்த பெயர்களை வைத்து அவர்களால் யாரையும் பிடிக்க முடியவில்லை. மின்னா உட்பட எல்லோரும் திங்கட்கிழமை வேலைக்குப் போனார்கள். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது இரண்டே பேருக்கு. ஒருத்தி ஒட்டிலி மஸீக். இன்னொருத்தி என் தங்கை.

ஒட்டிலி அக்காவுக்குக் கடிதம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம். நகரத்திலேயே பிறந்தவள், கூடைப் பெயர் கிடையாது. சிறையில், "எங்கப்பன் வெச்ச பேரை இவனுக்காக நான் ஏன் மாத்தணும்?" என்று சொல்லி உண்மைப் பெயரைக் கொடுத்தவள். ஆனால் பைனாவின் பெயர் எப்படிப் போனது என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று மின்னா சத்தியம் செய்தாள். அந்த ஆள் தன் கையில் சிக்கினால் சூப்பில் போட்டுவிடுவதாகவும் சொன்னாள்.

ஜூலை 15, காலை பத்து மணி. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று தெரியாமலே போனேன். ஒட்டிலி அக்கா தொப்பி வைத்து, வெள்ளைக் கையுறை போட்டு, நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் விசாரணை முடிந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

உள்ளே ஆட்கள் நிர்வாகம் பார்க்கும் கார்பெட் என்கிற அதிகாரி. எங்கள் பக்கம் சங்கத்தின் விட்லோ. நியூயார்க்கிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், எங்கள் ஊர்ப் புழுக்கம் தாங்காமல் எப்போதும் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். கார்பெட் ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"இது உன் கையெழுத்துதானே?"

கறுப்பு மசி. ஒரு அடித்தல் இல்லை. சிறையில் நான் எழுதிக் கொடுத்த படிவம். வேலை செய்யும் இடம் என்று எழுதியிருந்தேனே, சிறையிலிருந்து ஒரு பிரதியை அந்த இடத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். எந்தப் பிரிவு, எந்த மாடி, மேலதிகாரி பெயர், எதற்காகக் கைது, எல்லாம் என் கையால். அத்தனை பெண்கள் மூடி வைத்ததை நான் கோட்டு போட்டுக்கொண்டு போய் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் தங்கை படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னுதுதான் சார்" என்றேன்.

விட்லோ பரபரப்பாக எழுந்தார். "ஒரு நிமிஷம். அடியில பாருங்க. 'இல்லை'ன்னு சிறைக்காரங்களே முத்திரை போட்டிருக்காங்க. அண்ணன் பயந்துபோய்த் தேடியிருக்காரு. தங்கச்சி அங்க இல்லவே இல்ல. இதை வெச்சுத் தண்டிக்க முடியாது."

கார்பெட் தலையசைத்தார். அவருக்கும் மூன்றாவது மாடிக்கு ஆள் வேண்டியிருந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. "எனக்கும் பிரச்சினை இல்ல. இல்லன்னு இவ வாயால சொல்லட்டும், எழுதிக்கிட்டு முடிச்சுடறேன். இன்னிக்கே மேல போகலாம். சொல்லு, நீ சிறையில இருந்தியா?"

ஒரே வார்த்தை. நான் செய்த கெடுதலை நானே வாங்கி வந்த முத்திரை சரிசெய்துவிடும் போலிருந்தது.

"சார், ஒட்டிலி அக்கா விஷயம் என்னாச்சு?" என்று பைனா கேட்டாள்.

"அது உனக்கு எதுக்கு? முடிஞ்சுபோச்சு. சிறையில குடிச்சுட்டு மயங்கிக் கெடந்தான்னு அவங்க எழுதி அனுப்பியிருக்காங்க. குடிகாரியைச் சமையலறையில வெச்சுக்க முடியாது."

ஒட்டிலி அக்கா சர்ச் வாசலில் நின்று வருகிறவர்களை உட்கார வைக்கிறவள். இருமல் மருந்தைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பாள். பைனா மெதுவாக எழுந்து நின்றாள். வார்டில் டாக்டர் வந்தால் நிற்பாளே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்படி.

"நான் சிறையில இருந்தேன் சார். பதினோரு நாள். பைனா ஸ்மித்துங்கற பேர்ல."

விட்லோ, "அம்மா, உக்காருங்க" என்றார்.

அவள் உட்காரவில்லை. "ஒட்டிலி அக்காவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் பையில, பை சர்ச்சுல. ஏப்ரல் இருபத்தேழு, ஞாயித்துக்கிழமை, காலையில ஏழு மணிக்கு மூணு கோப்பை தண்ணி குடிச்சாங்க. எட்டு மணிக்கு இன்னும் நாலு. நடைக்கூடத்துல கடிகாரம் இருக்கு, கம்பி வழியாத் தெரியும். கண்ணாடி இல்லாம எனக்கு முள்ளு தெரியல, பக்கத்துல இருந்தவங்க நிமிஷம் சொன்னாங்க, நான் நாடி எண்ணினேன். எட்டரைக்குத் தொண்ணூத்தெட்டு. பத்து மணிக்கு நூத்திப் பன்னெண்டு. பன்னெண்டு மணிக்கு நூத்தி இருபத்தாறு. மூச்சு ஆழமா, வேகமா. பேச்சு குழறுச்சு. காவலாளியைக் கூப்பிட்டேன். வந்து குனிஞ்சு மோந்து பாத்துட்டு, சாராயம்னு சொல்லி எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அது சாராயம் இல்ல சார். சர்க்கரை அளவு தாறுமாறா ஏறிட்டா மூச்சு அழுகுன பழம் மாதிரி மணக்கும். மூணாவது மாடியில மாசத்துக்கு நாலு பேருக்காவது நான் பாக்கறது. தகரக் குவளையால கம்பியைத் தட்டிக்கிட்டே இருந்தோம். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு அவங்க மக மருந்தோட வந்து கெஞ்சினதுக்கு அப்புறம்தான் பெண் காவலர் உள்ள விட்டாங்க. ஆறு மணிக்கு நாடி நூத்தி நாலு. ஏழரைக்குத் தொண்ணூத்தாறு."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. கார்பெட்டின் பேனா பாதியில் நின்றுவிட்டது.

"நீ என்ன டாக்டரா?" என்றார்.

"இல்ல சார். டாக்டருக்குச் சொல்றவ."

"அந்த நாடியெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கு?"

"எழுதறதுக்குக் காகிதம் தரல சார். அதனால ஞாபகம் வெச்சுக்கிட்டேன்."

கார்பெட் பேனாவை மூடி வைத்தார். "உனக்குப் புரியுதா? ஊர்வலத்துல போனே, கைதானே, பொய்ப் பேரு குடுத்தே. மூணையும் நீயே சொல்லிட்டே. இப்ப நான் உன்னை எடுக்க முடியாது. இல்லன்னு சொல்லியிருந்தா இன்னேரம் மேல வேலை பாத்துக்கிட்டு இருப்பே."

"புரியுது சார். அக்காவோட காகிதத்துல நான் சொன்னதையும் சேத்து எழுதிக்குவீங்களா?"

அவர் ஒட்டிலி அக்காவின் ஃபைலை இழுத்து எடுத்து, "எட்டரைக்கு எவ்வளவு சொன்னே?" என்று கேட்டார். அவள் திரும்பச் சொன்னாள். அவர் எழுதினார்.

வெளியே வந்ததும் விட்லோ தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டார். "நாப்பது பட்டறையில சங்கம் நடத்தியிருக்கேன். கையில கெடச்ச வேலையை இப்படித் தூக்கி மேஜையில வெச்சவங்களை நான் பாத்ததில்ல" என்றார். திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

நான் வண்டிக் கதவைத் திறந்துவிட்டு, "அந்தப் படிவம்..." என்று ஆரம்பித்தேன்.

"விடு."

"நான்தான் உன்னைக் காட்டிக்..."

"விடுன்னா விடு அண்ணே. மின்னாகிட்ட மட்டும் சொல்லிராதே. சூப்புல போட்டுருவா."

சிரிக்க வேண்டிய இடம்தான். என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பின்வாசல் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒட்டிலி மஸீக், சமையலறை, திங்கள் முதல். யூலேலி பிரேலோ, மறுக்கப்பட்டது. நான் இரண்டு முறை படித்தேன். பைனா முதல் வரியை மட்டும் படித்துவிட்டு நகர்ந்தாள். ஒட்டிலி அக்கா அங்கேயே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அடியே கழுதை, உன் வேலையை யாரு விடச் சொன்னது? நான் கேட்டேனா?"

"கேக்கல அக்கா."

"இருபத்திரண்டு வருஷமா இவங்களுக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கேன். வேற எங்கயாவது போய்க் காய்ச்சியிருப்பேன்."

"குடிகாரின்னு பேரோடயா?"

ஒட்டிலி அக்கா கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தாள். "சரி, நான் உள்ள போறேன். போய்த் தெனமும் உன் பேரைச் சொல்லிக் கத்தறேன். அவங்க காது அவிஞ்சு போற வரைக்கும்."

அந்தக் கோடையும் இலையுதிர் காலமும் என் தங்கை ஷெம் ஓடைக் கரையில் கூலிக்கு இறால் தலை கிள்ளினாள். விரல் நுனியெல்லாம் வெடித்துப்போனது. விட்லோ மாதம் ஒரு மனு போட்டார். அக்டோபரில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மூன்றாவது மாடியின் வெள்ளைக்கார நர்ஸ்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டு, அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதினார்கள். அவளை "ஏ பொண்ணு" என்று கூப்பிட்ட அதே பெண்கள். மின்னாதான் விளக்கினாள்: "பாசம்னு நெனச்சுக்காதய்யா. இடுப்பு வலி. நாலு பேருக்கும் நோயாளியைப் புரட்டத் தெரியல."

நவம்பர் 3, திங்கட்கிழமை காலையில் அவளை நானே கொண்டுபோய் விட்டேன். பழைய வார்டு, பழைய மாடி. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் இறங்குமுன் ஏதாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் சமையலறைப் பக்கத்திலிருந்து ஒட்டிலி அக்காவின் குரல் வந்தது.

"அடியே பைனா! ஏழு ஆகப் போகுது, அங்க என்ன பேச்சு?"

என் தங்கை கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.